'ஒண்ணும் பிரச்னையில்ல சார்!'

காலை பத்து மணி. டீம்ல எட்டுப் பேரும் எழுந்து வட்டமா நிற்போம். நேத்து என்ன முடிச்சே, இன்னிக்கு என்ன பண்ணப் போறே, எங்கே மாட்டிக்கிட்டு நிக்கிறே... மூணே கேள்வி. பதினைந்து நிமிஷத்துல கூட்டம் ஓவர். இதுக்குப் பேரு 'ஸ்டாண்ட்-அப்'. இன்டர்னா சேர்ந்த முதல் நாள் எனக்கு ஸ்கூல் பிரேயர்தான் ஞாபகம் வந்தது!

இந்த 'அஜைல்' சமாசாரம், 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதின அறிக்கையிலிருந்து பேர் வாங்கினது. மொத்தமா கட்டி முடிச்சு வருஷக் கடைசியில் நீட்டாதே. ஓடுற சாஃப்ட்வேரை சில வாரத்துக்கு ஒரு தடவை கொடு. நடுவுல மாற்றம் கேட்டா முகம் சுளிக்காதே. சாராம்சம் இவ்வளவுதான் பாஸ்.

எங்க ராசிங்காபுரத்துல இது பழைய கதை! போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போற யாரையும் கேளுங்க. ஏலக்காய் எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. பழுத்ததை மட்டும் எடுத்துட்டு, சில வாரம் கழிச்சு அதே செடிக்குத் திரும்பணும். 'சீசன் முடியட்டும், மொத்தமா எடுப்போம்'னு இருந்தா, முத்தினது வெடிச்சிடும், பிஞ்சு காயும்போது சுருங்கிடும்.

இவ்வளவு தெரிஞ்ச நானே சொதப்பினேன். ஒரு பிழை புரியாம மூணு நாள் முழிச்சேன். ஆனா, மூணாவது கேள்விக்கு தினமும் ஒரே பதில்... 'ஒண்ணும் பிரச்னையில்ல சார்!' வெள்ளிக்கிழமை, வாடிக்கையாளர் முன்னாடி ஸ்கிரீன் அப்படியே நின்னுபோச்சு.

லீடர் திட்டலை. "முதல் நாளே சொல்லியிருந்தா அரை மணி நேர வேலைப்பா. பக்கத்து சீட்டு அக்காவுக்கு இது தெரியுமே" என்றார். திட்டியிருந்தாக்கூட தேவலை!

ராத்திரி அம்மாவிடம் போனில் புலம்பினேன். தோட்ட வேலைக்குப் போறவங்க. "செடியில பூச்சி தெரிஞ்சா அன்னிக்கே கங்காணிகிட்ட சொல்லிடுவோம்டா. மறைச்சா அடுத்த சுத்துல காய் எங்கே இருக்கும்? எரிஞ்சு விழுற கங்காணியா இருந்தாத்தான் யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. உங்க சார் அப்படியா?"

இல்லை. பயம் என்கிட்டதான் இருந்தது. 'இவனுக்கு ஒண்ணும் தெரியலை'னு நினைச்சு, வேலை தராம அனுப்பிட்டா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ற ஃப்ரெண்ட்ஸ்... போர்டில் கலர் கலரா சீட்டு ஒட்டினா மட்டும் அஜைல் ஆகிடாது. 'தெரியலை'னு சொல்றவனைக் கிண்டலடிக்காத டீம் வேணும். சொல்ல நமக்கும் தைரியம் வேணும்.

திங்கள்கிழமை. மூணாவது கேள்வி. "மாட்டிக்கிட்டு நிக்கிறேன் சார்" என்றேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபதே நிமிஷம்!