மேற்கோளுக்குத் தமிழ், உறுதிமொழிக்கு ஆங்கிலம்

2019 ஜூலை 5 அன்று நாடாளுமன்றத்தில் நிதிநிலை அறிக்கை வாசித்த நிர்மலா சீதாராமன், புறநானூற்றின் 184 ஆம் பாடலை எடுத்துக்காட்டினார். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன அறிவுரை அது. சிறு வயலாயினும் விளைந்ததை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் உணவாகும்; யானையே வயலுக்குள் புகுந்தால் அது தின்பதைவிட மிதிப்பதே அதிகம். வரி வாங்கும் அரசனுக்குச் சங்கப் புலவன் வகுத்த இலக்கணம் என்று நம்மவர்கள் நெகிழ்ந்தார்கள். தமிழ்த்துறைகளில் அன்று பேச்செல்லாம் அதுதான். தில்லியில் தமிழ் ஒலித்துவிட்டது!

நானும் அப்பாடலை வகுப்பில் நடத்துகிறவன்தான். அதன் பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் நம்முடைய நெகிழ்ச்சியைப் பற்றியது. வரி விதிப்பவரின் வாயில் தமிழ் வந்தால் புல்லரிக்கிற நாம், வரி கட்டுபவர் கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா என ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? வருமான வரிக் கணக்கு என்பது வெறும் கணக்கு அன்று. அது ஓர் உறுதிமொழி. தான் படித்தறியாத ஒன்றின்மேல் ஒருவர் உறுதிமொழி கொடுப்பதும், அதை மொழி கற்ற கூட்டம் வேடிக்கை பார்ப்பதும் நாகரிகம் ஆகா. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர், அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். அவ்வூரில் வழங்கும் தலக்கதைகளுள் ஒன்று வரியைப் பற்றியது. காளியை வழிபட்ட குறுநில மன்னன் ஒருவன் கரிகாலனுக்குக் கப்பம் கட்ட மறுத்தான், போர் மூண்டது, காளி அவன் பக்கம் நின்றாள், சோழன் சிவனை வேண்ட, நந்தி வந்து காளியை அடக்கினார் என்று அக்கதை செல்லும். கதையின் சமயப் பூசலை விட்டுவிடுவோம். அந்தக் குறுநில மன்னனுக்குத் தான் எதைக் கட்ட மறுக்கிறோம் என்பதாவது தெரிந்திருந்தது. இன்று அதே மண்ணிலிருந்து காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஷிஃப்டு வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் பலருக்கு, தாங்கள் வரி கட்டினோமா, மறுத்தோமா, ஏய்த்தோமா என்பதே தெரியாது. எல்லாவற்றையும் "ஐ.டி. பார்க்கிறவர்" செய்துவிட்டார்.

அவர்களுடைய சம்பளச் சீட்டில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று மத்திய அரசுக்குரிய வருமான வரி. நிறுவனமே மாதந்தோறும் பிடித்துச் செலுத்துவது, டி.டி.எஸ். என்பார்கள். மற்றொன்று தொழில்வரி. தமிழ்நாட்டில் இது அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குச் சேர்வது. அரசியலமைப்பின் 276 ஆம் பிரிவு இதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறது. 1988 இல் அறுபதாம் திருத்தம் வரும்வரை அந்த வரம்பு 250 ரூபாயாக இருந்தது. வேளாண் வருமானம் நீங்கலான வருமானத்தின்மேல் வரி விதிப்பது ஒன்றியத்தின் உரிமை. தொழில்மேல் வரி விதிப்பது மாநிலத்தின் உரிமை. ஏழாம் அட்டவணையின் இரு பட்டியல்களில் இவை தனித்தனியே நிற்கின்றன. தொழில்வரிக்குப் பணியாளர் தனியே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை; நிறுவனம் பிடித்துக் கட்டிவிடும். வருமான வரிக்கோ அவரேதான் கணக்குக் கொடுக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பள்ளியிலோ கல்லூரியிலோ யாரும் அவருக்குச் சொன்னதில்லை. "அதுதான் சம்பளத்திலேயே பிடிக்கிறார்களே, இன்னும் என்ன கணக்கு?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள்.

இந்த இருட்டில்தான் "ரீஃபண்டு எடுத்துத் தருகிறேன்" என்பவர் வருகிறார். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். 2022-23 நிதியாண்டில் ஒரு தொழிலாளியின் மொத்தச் சம்பளம் 7,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய வரிமுறைப்படி நிலைக்கழிவு 50,000; வருங்கால வைப்புநிதிக்குப் பிடித்தது 47,500; தொழில்வரி 2,500. ஆக ஒரு லட்சம் கழிகிறது. மிச்சம் 6,20,000. அதற்குரிய வரி, நான்கு சதவீதக் கூடுதல் தீர்வையுடன், 37,960 ரூபாய். நிறுவனம் அதை முழுதும் பிடித்துக் கட்டிவிட்டது. கணக்கு நேர். இவர் திரும்பப் பெற ஒரு காசும் இல்லை.

இடைத்தரகர் என்ன செய்கிறார்? அந்த ஆண்டுச் சட்டப்படி வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டாவிட்டால் வரி முழுதும் தள்ளுபடி. ஆகவே இன்னும் 1,20,000 ரூபாய்க்குக் கழிவைக் "கண்டுபிடித்தால்" போதும். குடியிராத வீட்டுக்கு வாடகை, இல்லாத பெற்றோர் நோய்க்கு மருத்துவச் செலவு, பெயரே கேள்விப்படாத அரசியல் கட்சிக்கு நன்கொடை. வருமானம் மிகச் சரியாக ஐந்து லட்சத்தில் வந்து நிற்கிறது. 37,960 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. பத்து சதவீதக் கூலி என்றால் தரகருக்கு 3,796. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

பிடிபட்டால்? 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 270ஏ பிரிவின்படி, பொய்த்தகவலால் குறைத்துக் காட்டிய வரியைப்போல் இருமடங்கு தண்டம். வாங்கிய 37,960 ரூபாயைத் திருப்ப வேண்டும், அதன்மேல் தண்டம் ஏறத்தாழ 76,000, வட்டி வேறு. 277 ஆம் பிரிவு பொய் உறுதிமொழிக்குச் சிறைத் தண்டனையும் வைத்திருக்கிறது. தரகரைப் பொறுப்பாக்கவும் சட்டத்தில் இடமுண்டுதான். ஆனால் முதல் கடிதம் வருவது தொழிலாளியின் பெயருக்கு. ஏனெனில் கணக்கு அவருடையது, உறுதிமொழியும் அவருடையது.

எந்த உறுதிமொழி என்று அவர் திகைக்கிறார். இரவு ஷிஃப்டில் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபோது கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்ததே, "அந்த நம்பரைச் சொல்லுங்கள்" என்று தரகர் கேட்டாரே, அதுதான். ஆதார் வழி வந்த அந்த ஆறு இலக்கமே இன்று கையொப்பம். "இதில் சொன்னதெல்லாம் நானறிந்தவரை சரியானவை, முழுமையானவை" என்னும் பொருளில் ஆங்கிலத்தில் நிற்கும் வாசகத்துக்கு அடியில் அது விழுகிறது. பிரமாணம் செய்தவருக்குப் பிரமாணம் செய்தோம் என்பதே தெரியவில்லை. நீதிமன்றக் கூண்டில் ஏற்றினால்கூட அவருக்குப் புரியும் மொழியில்தானே சத்தியம் வாங்குவார்கள்?

இவை கற்பனை அச்சங்கள் அல்ல. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடெங்கும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. பொய்க்கழிவு காட்டிக் கணக்குத் தாக்கல் செய்துகொடுத்த இடைத்தரகர்களே இலக்கு. சான்றுகள் கிடைத்த மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாமாகவே கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க்கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றதாகத் துறை அறிவித்தது. மொத்தமாகக் கணக்குத் தாக்கல் செய்வதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளைத் தரகர்கள் உருவாக்கி, பிறகு கைவிட்டுவிடுகிறார்கள். துறையின் கடிதங்கள் யாரும் திறக்காத அந்தப் பெட்டிகளில் கிடக்கின்றன என்பதும் அவ்வறிவிப்பில் உண்டு. சிக்கியவர்கள் எல்லாரும் எழுத்தறியாதவர்கள் என்று எண்ண வேண்டாம். கல்வி நிறுவனங்களில் பணிபுரிவோரும் அப்பட்டியலில் இருந்தார்கள். நம் குலத்தார்!

இனி வழக்கமான மறுப்புகளுக்கு வருகிறேன்.

"ஆயிரம் கோடி ஏய்ப்பவனை விட்டுவிட்டு முப்பதாயிரத்துக்குத் தொழிலாளியைக் குற்றம் சொல்கிறாயா?" என்பது முதலாவது. முற்போக்கு நண்பர்கள் இதைச் சொல்வார்கள். பெரிய ஏய்ப்பாளர் படித்துப் பார்த்து, வல்லுநரை வைத்து, தண்டனையைக் கணக்கிட்டு ஏய்க்கிறார். தொழிலாளி படிக்காமல் மாட்டிக்கொள்கிறார். இருவரையும் ஒரே வீரத்தின் இரு வடிவங்களாகப் பார்ப்பது தொழிலாளிக்குச் செய்யும் உதவி அன்று. அவருடைய பொய்யில் உறுதியான கூலி பெற்றவர் தரகர். உறுதியான ஆபத்தைப் பெற்றவர் அவர். இதைச் சுரண்டல் என்று அழைக்கத் தயங்குகிறவர்கள் வேறு எதை அப்படி அழைப்பார்கள்?

"இது இலக்கியவாதியின் வேலையா?" என்பது இரண்டாவது. இப்படிக் கேட்பவர்கள் கல்வெட்டுகளைக் கொஞ்சம் படிக்க வேண்டும். இறை, கடமை, குடிமை, செக்கிறை, தறியிறை, தட்டாரப்பாட்டம், குசக்காணம், கண்ணாலக்காணம் என்று வரிப்பெயர்களால் மட்டுமே ஓர் அகராதி நிரம்பும். வரி நீங்கிய நிலம் இறையிலி. வரிக்கணக்கை வைத்திருந்தது புரவுவரித் திணைக்களம். சுங்கத்தை நீக்கியதற்காக முதற்குலோத்துங்கனுக்குச் "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று பெயரே கிடைத்தது. அந்த ஆட்சி பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அந்த வரிகளின் கொடுமையை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். உழவரும் தறிகாரரும் கல்லெழுத்தைப் படித்தார்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் படித்துக்காட்டினால் மற்றவருக்குப் புரிகிற மொழியில் அது கோயிற்சுவரில் இருந்தது. இன்று படித்துக்காட்டினாலும் புரியாது. செக்குக்கும் தறிக்கும் வரிச்சொல் படைத்த மொழியில், சம்பளத்துக்கு வரி கட்டுபவர் தன் கணக்கைப் பற்றிப் பேச "ரிட்டர்ன்", "ரீஃபண்டு", "ஃபார்ம் சிக்ஸ்டீன்" என்ற மூன்று சொற்கள்தாம் இருக்கின்றன. அவற்றின் பொருளையும் தரகர் சொன்னதுதான்.

"தமிழில் கொடுத்தால் மட்டும் புரிந்துவிடுமா? அரசுத் தமிழைப் படிப்பதற்கு ஆங்கிலமே மேல்" என்பது மூன்றாவது. இதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மையே நம்மைச் சுடுகிறது. மக்களுக்குப் புரியாத ஆட்சித்தமிழை வானத்திலிருந்து யாரும் இறக்கவில்லை. தமிழ் கற்றவர்கள் உட்கார்ந்து ஆக்கியதும், தமிழ் கற்ற மற்றவர்கள் திருத்தாமல் விட்டதும் அது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் புரியாதுதான். பொருளைச் சொன்னால் புரியும். "இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை. எதையும் மறைக்கவில்லை. பொய் என்று தெரிந்தால் தண்டனை எனக்கே." இந்த மூன்று வாக்கியம் எந்தத் தொழிலாளிக்குப் புரியாது? இதைப் படித்த பிறகும் அந்த ஆறு இலக்கத்தைச் சொல்பவர் தெரிந்தே சொல்கிறார். அவர் வேறு ஆள்.

மொழிதான் சிக்கல் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2026 ஏப்ரல் 1 ஐத் தொடக்க நாளாகக் கொண்டு, 2025 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம் சொற்கள் ஏறத்தாழ இரண்டு லட்சத்து அறுபதாயிரமாகவும், 819 பிரிவுகள் 536 ஆகவும் குறைந்தன. சம்பாதித்த ஆண்டு ஒன்று, மதிப்பிடும் ஆண்டு வேறொன்று என்று தலை சுற்ற வைத்த இரட்டை வழக்கு போய், "வரி ஆண்டு" என்ற ஒன்றே வந்தது. நல்ல வேலை; மனமாரப் பாராட்டலாம். ஆனால் ஆங்கிலம் அறியாதவருக்கு ஐந்து லட்சம் சொல்லும் ஒன்றுதான், இரண்டரை லட்சம் சொல்லும் ஒன்றுதான். மத்தியச் சட்டங்களை மாநில மொழிகளில் அதிகாரபூர்வமாக வெளியிட 1973 ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. கதவு ஐம்பதாண்டுகளுக்கு முன்பே திறந்தது. உள்ளே போகவேண்டிய நாம் வாசலில் நின்று செம்மொழி மாண்பு பேசிக்கொண்டிருந்தோம்.

என்ன செய்யலாம்? தமிழ்த்துறையும் வணிகவியல் துறையும் உள்ள எந்தக் கல்லூரியிலும் இருவர் சேர்ந்து உட்கார்ந்தால், நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதலாம். அதில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. நிறுவனம் தரும் படிவம் 16 ஐயும், துறையின் தளத்தில் கிடைக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வங்கி வட்டியை விட்டுவிடாதீர்கள். கழிவு என்று எழுதும் ஒவ்வொரு தொகைக்கும் கையில் ரசீது இருக்கட்டும். பழைய முறையா, புதிய முறையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்களுடையவையாக இருக்கட்டும். திரும்பி வரும் பணத்தில் சதவீதம் கேட்பவரிடம் கணக்கைக் கொடுக்காதீர்கள். முழுக் கணக்கையும் ஒருவர் தமிழில் சொல்லக் கேட்காமல் அந்த ஆறு இலக்கத்தைச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே தவறு நேர்ந்திருந்தால், விசாரணை தொடங்கும் முன் திருத்திய கணக்குக் கொடுக்க வழி உண்டு. 2025 ஆம் ஆண்டு நிதிச்சட்டம் அதற்கான காலத்தை 48 மாதமாக நீட்டியது. தாமதத்துக்கேற்ப 25 முதல் 70 சதவீதம்வரை கூடுதல் வரி ஆகும். இருமடங்குத் தண்டத்தைவிட அது எவ்வளவோ மேல்.

இந்நான்கு பக்கத்துக்கு விருது கிடைக்காது. ஆய்வுப் புள்ளியும் சேராது. பிசிராந்தையார் அரசனிடம் போய்ச் சொன்னார். குடிகளின் பக்கம் திரும்பிச் சொல்ல வேண்டியது நம் முறை. அடுத்த நிதிநிலை அறிக்கையில் எந்தப் பழம்பாடல் வரும் என்று காத்திருப்பவர்கள் காத்திருக்கட்டும். ஜூலை மாதத்துக்கு முன் கையேடு வேண்டும்.