பட்டியலுக்கு வேண்டும், வழக்குக்கு வேண்டாம்
சுருக்குமடி வலை வழக்கைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் எனக்குக் கிள்ளைப் பக்கத்து மீனவ ஊர்களின் பஞ்சாயத்தார் நினைவுக்கு வருகிறார்கள். 2000-ல் அந்த வலைக்கு அரசு தடை போட்டதும், 2023-ல் உச்ச நீதிமன்றம் திங்கள், வியாழன் மட்டும் என்று இடைக்கால அனுமதி தந்ததும் தெரிந்த கதை. எந்த வலை ஆகும், எது ஆகாது என்று தலைமுறைகளாகக் கூடிப் பேசி முடிவெடுத்தவர்கள் இந்தப் பஞ்சாயத்தார். ஆனால் நீதிமன்றப் படியேற வேண்டுமானால் இவர்கள் பஞ்சாயத்தாக அல்ல, பதிவு பெற்ற சங்கமாகவோ தனி ஆட்களாகவோதான் போகவேண்டும். 2004 சுனாமியில் எம்.ஜி.ஆர். திட்டும் சின்னவாய்க்காலும் சிதைந்தபோது மட்டும், இந்தக் கரை நெடுக நிவாரணப் பட்டியலுக்கு இவர்களைத்தான் தேடிப் போனார்கள். அப்போது யாரும் பதிவு எண் கேட்கவில்லை! ஊர்விலக்கம் செய்கிற பஞ்சாயத்தைக் கூண்டில் ஏற்றுங்கள், எனக்கு வருத்தமில்லை. 2011-ல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது சரியே. பெண்களை உட்காரவிடாத சபைக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் தீர்ப்புச் சொல்வது வேறு, கடல் வழக்கத்தைச் சொல்வது வேறு. பொது வழக்கத்தை அறிந்திருக்கக்கூடியவரின் கருத்தைக் கேட்கலாம் என்று 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 48-ம் பிரிவே சொன்னது. இப்போதைய புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. அந்தப் பிரிவின்படி இவர்களைச் சாட்சிகளாகவாவது கூப்பிட்டுக் கேட்கலாமே.