புள்ளிகளுக்கு நடுவே ஒரு மொட்டைமாடி

ஆகஸ்ட் 2018. கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, செங்கன்னூரில் மொட்டைமாடிகளில் சிக்கியவர்களுக்கு மிச்சமிருந்த துணை, சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்த செல்போன். தாங்கள் இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கு அனுப்பினார்கள். துபாயிலும் பெங்களூரிலும் இருந்த உறவினர்கள் அதை அரசின் 'கேரளா ரெஸ்க்யூ' இணையதளத்தில் ஏற்றினார்கள். விளைவு, ஒரே வீட்டுக்குப் பல பதிவுகள். ஆட்கள் கரையேறிய பிறகும் பதிவு அப்படியே நின்றது. தன்னார்வலர்கள் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு, "மீட்டுவிட்டார்களா?" என்று விசாரிக்க வேண்டியிருந்தது.

வரைபடத்தில் புள்ளி வைப்பது சுலபம். எடுப்பதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

லண்டனில் 1854இல் பரவிய காலராவை ஆராய்ந்த டாக்டர் ஜான் ஸ்னோ, சாவு நிகழ்ந்த வீடுகளையும் தெருக் குழாய்களையும் ஒரே படத்தில் குறித்தார். ப்ராட் தெருக் குழாயைச் சுற்றியே சாவுகள் மொய்த்தது கண்ணில் பட்டது. இரண்டே விவரங்கள் என்பதால்தான் பட்டது. இன்றைய செல்போன் செயலியில் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற மிதப்பு இருக்கிறது. கூகுளின் 'மை மேப்ஸ்' கூட ஒரு படத்துக்கு 10 அடுக்குகளோடு நிறுத்திக்கொள்கிறது. உள்ளங்கை அகலத் திரைக்கு அதுவே அதிகம்.

அடுக்கும் முறை ஒன்றும் பிரம்மவித்தை அல்ல. அடியில் சாலையும் ஆறும். அதன் மேல், கீழே இருப்பது தெரியும்படி மங்கலாக, நீர் சூழ்ந்த பகுதி. பிறகு முகாம், மருத்துவமனை. எல்லாவற்றுக்கும் மேலே உதவி கேட்பவர்கள். பெரும்பாலான வரைபடங்கள் கோட்டைவிடுவது வேறு இடத்தில். காவல்துறை தந்தது, தொண்டு நிறுவனம் தந்தது என்று தகவல் வந்த வழியை வைத்து அடுக்குகளைப் பிரிக்கிறார்கள். அது அலுவலகத்துக்கு வசதி. படகில் போகிறவருக்குத் தெரிய வேண்டியது, யார் இன்னும் காத்திருக்கிறார்கள், எப்போதிலிருந்து என்பதுதான். ஆகவே 'காத்திருப்போர்', 'மீட்கப்பட்டோர்' என்ற இரண்டு அடுக்குகள், ஒவ்வொரு குறியிலும் கடைசியாகச் சரிபார்த்த நேரம். நேரம் இல்லாத குறி வதந்திக்குச் சமம்.

இன்னொரு கண்ணியும் உண்டு. படத்தைச் சுருக்கினால் நெருக்கமான குறிகள் ஒன்றாகி, '50' என்று எண் போட்ட ஒரே வட்டமாகிவிடும். ஓட்டல்களைத் தேடுகிறவருக்கு அது போதும். வெள்ளத்தில், அந்த 50இல் 49 பேர் மீட்கப்பட்டு ஒருவர் மட்டும் மாடியில் நின்றாலும் வட்டம் அதேதான். காத்திருப்போர் குறிகளை இந்தத் தொகுப்பில் சேர்க்காமல், எவ்வளவு சுருக்கினாலும் தனித்தனியாகச் சிவப்பில் தெரியும்படி விட வேண்டும். திரை அசிங்கமாகத்தான் இருக்கும்.