உச்சிவெயில் நேரத்துக்கு ஓர் உத்தரவு

ஜூன் 1 பிறந்துவிட்டால் குவைத்தில் காலை 11 மணிக்குத் திறந்தவெளி வேலை நின்றாக வேண்டும். மாலை 4 மணிக்குத்தான் மறுபடி தொடங்கலாம். ஆகஸ்ட் 31 வரை இதுதான் அங்கே விதி. 2016 ஜூலை 21 அன்று மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி செல்சியஸ் பதிவான பாலைவன நாடு அது. அங்கே சாரம் கட்டவும் கம்பி வளைக்கவும் போனவர்களில் ஆந்திரத்தின் ராயலசீமையிலுள்ள பீலேறு, ராயசோட்டி, ராஜம்பேட்டைப் பக்கத்து ஆட்கள் ஏராளம். அந்த ஊர்களில் தெருவுக்குத் தெரு குவைத் சம்பாத்தியத்தில் எழுந்த மாடிவீடுகள் நிற்கின்றன. அதே ஆள் ஊர் திரும்பி, மே மாதத்தில் திருப்பதியில் ஒரு கட்டட வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பகல் 12 மணிக்கு அவரை நிழலுக்கு அனுப்பச் சொல்லும் சட்டம் இங்கே இல்லை. மேஸ்திரி மனம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பாலைவனத்தில் கிடைக்கும் ஓர் உரிமை, சேஷாசல மலையடிவாரத்தில் கிடைக்கவில்லை.

குவைத்தில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. வீட்டுவேலைக்குப் போன பெண்கள் அடுப்படியில் படும் சூட்டுக்கு அந்த விதியில் இடமில்லை. மீறும் ஒப்பந்ததாரர்களும் உண்டு. ஆனாலும் மீறல் என்று சொல்வதற்கே முதலில் ஒரு விதி வேண்டும். கத்தார், சவுதி, அமீரகம் எல்லாம் ஆளுக்கொரு நேரக் கணக்கில் இதே போன்ற தடையை வைத்திருக்கின்றன. அங்கே போய் வேர்வை சிந்திய ராயலசீமைக்காரர்களுக்குச் சொந்த ஊரில் அது ஏன் கிடைக்கக் கூடாது?

திருப்பதி, சித்தூர் வெயிலை அறியாத தமிழ்நாட்டுக்காரர் குறைவு. சென்னையிலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாகப் பேருந்தில் போகிறவர்களுக்கு, ஏப்ரல் மாதத்திலேயே ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியாது. சென்னையை மதியத்தில் தணிக்கும் கடற்காற்று இவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் சோர்ந்துவிடுகிறது. வேலூர் எப்படியோ அப்படியே சித்தூரும். கத்திரி நாட்களில் 40 டிகிரியைத் தாண்டுவது இந்தப் பக்கத்தில் செய்தியே அல்ல.

அந்த 40 என்ற எண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வானிலை ஆய்வு நிலையங்களில் வெப்பமானி வெயிலில் தொங்குவதில்லை. பக்கங்களில் சாய்வுப் பலகை அடித்த, வெள்ளை பூசிய மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில், காற்றோட்டமான நிழலில் இருக்கிறது. நாளிதழில் வரும் எண் நிழலின் எண். தார் ஊற்றுகிறவருக்கு அந்த எண் பொருந்தாது. தலைக்கு மேல் சூரியன், காலடியில் 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் கொட்டிய தார்க்கலவை, பக்கத்தில் இரைந்துகொண்டிருக்கும் ரோடு ரோலர் என்று அவர் நிற்கும் இடத்தின் சூட்டை எந்தப் பெட்டியும் அளப்பதில்லை. குப்பம் பக்கத்துக் கருங்கல் குவாரிகளில் நான்கு புறமும் பாறை சூட்டைத் திருப்பி உமிழ, நடுவில் நின்று உளி பிடிக்கிறவருக்கும் இதே நிலைதான்.

வெயிலை எப்படிச் சமாளிப்பது என்பது திருப்பதிக்குத் தெரியாத வித்தை அல்ல. திருமலையில் கோடை வந்ததும் மாடவீதிகளில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். செருப்பில்லாமல் நடக்கும் பக்தர்களின் பாதத்துக்காகத் தேங்காய் நார் விரிப்பு போடுகிறார்கள், பந்தல் போடுகிறார்கள், மோர் கொடுக்கிறார்கள். அலிபிரியிலிருந்து ஏறும் சுமார் 3,550 படிகளில் பெரும்பகுதிக்கு மேற்கூரை இருக்கிறது. தேவஸ்தானம் செய்யும் நல்ல காரியங்கள் இவை. நிழலும் தண்ணீரும் கொடுத்தால் கூட்டத்தைக் காப்பாற்றலாம் என்பதற்குக் கண்முன் உள்ள சாட்சி.

நிழல் கிடைக்காதவர்கள் என்ன ஆவார்கள் என்பதற்கும் சாட்சி உண்டு. 2024 ஜூனில் ஹஜ் யாத்திரையின்போது மெக்கா பெரிய பள்ளிவாசலில் 51.8 டிகிரி பதிவானது. இறந்தவர்கள் 1,301 பேர் என்று சவுதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதத்தினர் அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்தவர்கள். குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் அவர்களுக்கு இல்லை. வெயிலில் வெகுதூரம் நடந்தார்கள். ஒரே வெயில், ஒரே நகரம். யாருக்கு நிழலில் இடம் என்பதுதான் உயிருக்கும் சாவுக்கும் நடுவே நின்றது.

திருப்பதியில் அந்தச் சீட்டு இல்லாதவர்கள் யார்? அலிபிரி முகப்பில் சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரர், தள்ளுவண்டியில் பழம் விற்கும் பெண், விடுதிகளுக்கு அடுக்குமாடி கட்டும் சித்தாள், நகரைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர். யாத்திரிகர் ஒரு நாள் வெயிலில் நிற்கிறார். இவர்கள் கோடை முழுக்க. 2025-ஆம் ஆண்டு ஜூன், ஜூலையில் சித்தூர்ப் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலைகளின் வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றதே, அந்த வரிசையில் நின்ற விவசாயிகளுக்கு விலையும் இல்லை, நிழலும் இல்லை. விலையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். வெயிலைப் பற்றிப் பேச ஆளில்லை.

உடம்பு வெயிலைத் தாங்குவது வேர்வையால்தான். வேர்வை ஆவியாகும்போது தோல் குளிர்கிறது. அதற்குத் தண்ணீர் வேண்டும், உப்பு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வு வேண்டும். உழைக்கும் தசையே உள்ளுக்குள் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருப்பதால், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் கடப்பாரையைக் கீழே வைக்காமல் சூடு இறங்காது. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, ஆள் குழறிப் பேச ஆரம்பித்துவிட்டால் அது மயக்கம் அல்ல, வெப்பவாதம். நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். அதனால்தான் வேலைக்குப் புதிதாக வந்தவருக்கும், கோடையின் முதல் அனல் நாட்களிலும் ஆபத்து அதிகம். வெளிமாநிலத்திலிருந்து ரயிலில் வந்திறங்கிய மறுநாளே முழுநாள் வேலையில் நிறுத்தப்படும் தொழிலாளியைப் பற்றி இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்த மாநிலம் வெயிலுக்குக் கொடுத்த விலை சிறிதல்ல. 2003 கோடையில் ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாநிலம் பிரிந்த பிறகும், 2015-இல் ஆந்திரத்தில் மட்டும் 1,369 சாவுகள் கணக்கில் ஏறின. அடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை இறங்கியது. எச்சரிக்கையும் தண்ணீர்ப் பந்தலும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் கிராமம்வரை போனது அதற்கு ஒரு காரணம். அதில் சந்தேகமில்லை. ஆனால் வெயில் சாவு சான்றிதழில் பெரும்பாலும் மாரடைப்பு என்றே எழுதப்படுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2010 மே மாதத்தில் 46.8 டிகிரியைத் தொட்ட அகமதாபாத்தில் ஆய்வாளர்கள் வேறு வழியில் கணக்கிட்டார்கள். வழக்கமான மே மாதங்களைவிட அந்த மாதம் 1,344 சாவுகள் கூடுதல். அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் 2013-இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை உருவாக்கியது. தெற்காசியாவில் அதுதான் முதல்.

பழைய காலத்து ஆட்கள் இந்த வெயிலில் எப்படிப் பிழைத்தார்கள்? விடை, மே மாதம் திருப்பதியில் நடக்கும் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையிலேயே இருக்கிறது. அம்மனுக்குப் பொங்கலோடு அம்பலியும் படைக்கிறார்கள். கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, விடிந்ததும் மோர்விட்டுக் கையால் பிசைந்து கரைத்தால் கட்டியில்லாமல் வழுவழுவென்று வரும். உப்பும், நறுக்கிய சின்ன வெங்காயமும் போட்டால் போதும். நம் ஊர் ஆடிக்கூழின் உடன்பிறப்பு. தண்ணீர், உப்பு, மாவுச்சத்து, மோரின் புளிப்பு எல்லாம் ஒரே சொம்பில். மருந்துக்கடைப் பொட்டலம் வருவதற்கு முன்பு இதுதான் காட்டுவேலைக்காரரின் காப்பு.

ஆனால் அம்பலியை மட்டும் பார்த்து நின்றுவிட்டால் பாதிதான் பார்த்ததாகும். அந்தக் காலத்து விவசாயி வெள்ளி முளைக்கும்போது ஏர் பூட்டினார், வெயில் ஏறுமுன் அவிழ்த்தார். நடுப்பகலில் புளியமரத்தடியில் படுத்தார். பாரதக்கூத்துகூட இந்தப் பக்கத்தில் கோடை இரவுகளில் விடிய விடியத்தான் நடக்கும். வெயிலைச் சமாளித்தது உணவு மட்டுமல்ல, நேரத்தைப் பிரித்துக்கொண்ட விதமும்தான். சொந்தக் காட்டில் உழைத்தவருக்கு அந்த நேரம் கையில் இருந்தது. கூலிக்குப் போகிறவருக்கு நேரம் ஒப்பந்ததாரர் கையில் இருக்கிறது. மோர் குடியுங்கள், வெளியே போகாதீர்கள் என்று ஆண்டுதோறும் சொல்லப்படும் அறிவுரையின் போதாமை இங்கேதான். வெளியே போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பெரியாது என்ற நிலையில் இருப்பவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

ஊரக வேலைத்திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கோடையில்தான் கிராமத்தில் அந்த வேலைக்குத் தேவை அதிகம். விடியற்காலை தொடங்கி வெயிலுக்கு முன் முடித்துக்கொள்வது ஆந்திரத்தில் வழக்கம். பிறகு கைப்பேசிச் செயலியில் வருகைப் பதிவு வந்தது. 2023 ஜனவரி முதல் எல்லாப் பணியிடங்களிலும் அது கட்டாயம் ஆனது. காலையில் ஒரு படம், நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு படம். கொடுத்த அளவை வெட்டி முடித்தவரும் இரண்டாவது படத்துக்காக ஏரிக்கரையில் காத்திருக்க வேண்டும். நேர்மைக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை. கோடை மாதங்களிலாவது இதைத் தளர்த்துவது பெரிய காரியமா?

கேரளம் வழி காட்டியிருக்கிறது. அங்கே கோடைதோறும் தொழிலாளர் ஆணையர் உத்தரவு போடுகிறார். வெயிலில் நின்று செய்யும் வேலைக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு. காலை 7 முதல் மாலை 7-க்குள் எட்டு மணி நேரத்தை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மணி நேரம் போனால் வேலை கெடும் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. மொத்த நேரம் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. தென்னைமர நிழலும் கடற்காற்றும் உள்ள கேரளத்துக்கே அது தேவைப்படுகிறது என்றால் சித்தூருக்கு எவ்வளவு தேவை!

தமிழ்நாடும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்லது. ஆனால் இறந்த பிறகு தரும் பணத்தைவிட, இறக்காமல் இருக்கத் தரும் மூன்று மணி நேரம் மலிவு. கூலி இழப்பை ஈடுகட்டவும் வழி உண்டு. குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவின் உறுப்பினர்களான சுமார் 50,000 பெண்களுக்காக 2024-இல் வெப்பக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவை வெப்பம் தாண்டினால் விண்ணப்பம் இல்லாமலே வங்கிக் கணக்கில் பணம்.

வீட்டுக்கூரையும் இதில் சேர்த்திதான். பகலெல்லாம் வெந்தவர் இரவில் சிமெண்ட் ஷீட்டின் கீழ் படுத்தால் உடம்பு ஆறாது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. சுண்ணாம்பு அல்லது வெள்ளைப் பூச்சு அடித்த கூரையின் கீழ் வீட்டுக்குள் இரண்டு டிகிரிக்கும் மேல் சூடு குறையும். மாடவீதியில் யாத்திரிகரின் பாதம் காக்கும் அதே பூச்சு, திருப்பதியின் குடிசைப்பகுதிக் கூரைகளுக்கும் ஏறட்டும்.

ஆந்திரத்தில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் நடுவில் பள்ளிகள் அரைநாளாகின்றன. காலை 7.45-க்குத் தொடங்கி பகல் 12.30-க்கு மணி அடித்துவிடும். உச்சிவெயிலில் பிள்ளைகள் வாடக் கூடாது என்பதில் அரசுக்கும் பெற்றோருக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. அந்தப் பிள்ளைகளை அழைத்துப்போக வர வேண்டிய அப்பாவும் அம்மாவும் அந்த நேரத்தில் வேலைத்தளத்தில் இருக்கிறார்கள். பள்ளிகளுக்கான சுற்றறிக்கை வெளியாகும் அதே வாரத்தில், சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் 12 முதல் 3 வரை வெளிவேலையை நிறுத்தி, கூலியில் கைவைக்காமல், மீறும் ஒப்பந்ததாரருக்கு அபராதமும் சேர்த்துத் தொழிலாளர் துறை ஓர் உத்தரவு போட வேண்டும். குவாரி, சாலைப்பணி, கட்டடம் மூன்றிலும் அது முதல் ஆண்டே அமலுக்கு வரட்டும்.