சிறைக்கோட்டமும் கைத்தொழிலும்

மணிமேகலைக் காப்பியம் பயின்றோர் சிறைக்கோட்டம் அறக்கோட்டமான வரலாற்றை அறிவர். அமுதசுரபி ஏந்திய அச்செல்வி, சோழ மன்னன் வேண்டுவது யாதென வினவியபோது தனக்கென ஒன்றும் கேளாது, காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்கோட்டத்தை அறஞ்செய்வோர் வாழும் கோட்டமாக்குமாறு வேண்டினாள்; மன்னனும் இசைந்தான். இக்காதையை வகுப்பிற் கற்பித்த நாளொன்றில் மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து என்ன தொழில் செய்து பிழைத்தார்கள்?" என்று கேட்டான். அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவு தரவில்லை. அவ்வினாவுக்கு விடை காணவேண்டியவர்கள் பண்டைப் புலவரல்லர். இன்று வாழும் நாமே.

மலையகத்து மக்களுக்குச் சிறை என்றவுடன் நினைவுக்கு வருவது கண்டிப் போகம்பறையே. 1876ஆம் ஆண்டிலே கட்டப்பெற்ற அப்பெருஞ்சிறை 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். கட்டடம் மாறியது, ஆனால் சிறையிலே செய்யும் வேலை எதற்காக என்ற வினா மாறவில்லை.

தோட்டத் தொழிலாளரின் வரலாற்றிலே சிறையும் வேலையும் கொடிய முறையிற் பின்னிக் கிடந்தன. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டுச் சென்ற கூலியாளை மூன்று மாதம் வரை கடூழியச் சிறையில் இடலாம். வேலையை விட்டு நீங்குதல் குற்றம்; அதற்குத் தண்டனையும் வேலையே! ஆளின் கடனைக் குறித்துத் தோட்டத்துக்குத் தோட்டம் அவனைக் கைமாற்றிய 'துண்டு' என்னும் கடிதமுறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிந்தது. தமிழகத்திலும் நிலை வேறன்று. கப்பலோட்டிய வ. உ. சிதம்பரனார் கோயம்புத்தூர்ச் சிறையிலே செக்கிழுக்க வைக்கப்பட்டார். அவ்வேலையின் நோக்கம் எண்ணெய் அன்று. ஒரு மனிதரின் மானத்தைப் பிழிவதேயாம்.

உலகம் இக்கொள்கையைக் கைவிட்டுப் பல்லாண்டாயிற்று. 1955ஆம் ஆண்டிலே ஜெனீவாவில் வகுக்கப்பெற்றுப் பின்னர் 2015ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் சபையாற் புதுக்கப்பட்ட சிறை விதிகள் மிகத் தெளிவானவை. சிறைவேலை துன்புறுத்துவதாய் இருத்தலாகாது. வெளியுலகத் தொழில்முறையை இயன்றவரை ஒத்திருத்தல் வேண்டும். இலாப நோக்கிற்காகக் கைதியின் பயிற்சி பலியிடப்படலாகாது. நியாயமான ஊதியம் தரப்படவேண்டும். அவ்வூதியத்தில் ஒரு பகுதி குடும்பத்துக்கும், ஒரு பகுதி விடுதலை நாளுக்குரிய சேமிப்புக்கும் செல்லவேண்டும். இவ்விதிகள் இன்று நெல்சன் மண்டேலாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ரொபன் தீவிலே சுண்ணாம்புக் கற்சுரங்கத்திற் கல்லுடைத்துக் கண்ணொளி குன்றியவர் அவர். பயனற்ற வேலை மனிதனை என் செய்யும் என்பதை அவரினும் அறிந்தார் யார்?

இலங்கைச் சிறைகளிலும் தச்சு, தையல், வெதுப்பகம் முதலிய தொழில்கள் நடைபெறுகின்றன. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்ற கைதிகளும் உளர். இது வரவேற்கத்தக்கதே. எனினும் மலையகத்தின் கண்கொண்டு நோக்கும்போது மூன்று குறைகளை எடுத்துரைக்காதிருத்தல் இயலாது.

முதலாவது: தண்டனை பெற்றுச் சிறை புகுவோரிற் பெரும்பாலோர் தண்டப்பணம் செலுத்த வகையற்றவர்கள் என்பதைச் சிறைத் திணைக்களத்தின் புள்ளிவிவரங்களே ஆண்டுதோறும் காட்டிவருகின்றன. கசிப்பு வைத்திருந்து பிடிபட்ட ஏழைத் தொழிலாளி, அன்றாடக் கூலியிலிருந்து தண்டம் கட்ட இயலாமற் சில வாரம் உள்ளே கிடக்கிறான். சில வாரத்தில் எவனும் தச்சனாக முடியாது. ஆனால் அவன் வீட்டு அடுப்பு அணைந்துவிடும். இத்தகையோரைச் சிறைக்கு அனுப்பாது ஊருக்குப் பயன்தரும் வேலையில் ஈடுபடுத்த 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் இடமளிக்கிறது. அச்சட்டத்தைத் தாராளமாய்க் கையாளுதல் வேண்டும்.

இரண்டாவது: பயிற்சியின் மொழி. தையலும் தச்சும் கையாற் செய்வனவேயாயினும், அளவும் கணக்கும் வரைபடமும் மொழியாலேயே விளங்கும். சான்றிதழ்ப் பரீட்சையும் மொழியாலேயே நடைபெறும். தோட்டப் பாடசாலையில் ஐந்தாறு வகுப்போடு நின்ற இளைஞனுக்குத் தமிழிற் கற்பிப்பார் இல்லையெனில், அவன் பயிலுநனாக இராது எடுபிடியாகவே இருப்பான்.

மூன்றாவது: கற்ற தொழில் வாயிலைத் தாண்டவேண்டும். கைதிக்குத் தரப்படும் சான்றிதழ் சிறையின் பெயர் தாங்காது, வெளியிற் பயின்றவன் பெறுவதைப் போன்றதாகவே இருக்கவேண்டும். அன்றைய துண்டு மனிதனைக் கடனோடு பிணைத்த கடிதம். இன்றைய சான்றிதழ் அவனைப் பழியோடு பிணைக்கும் கடிதமாகிவிடலாகாது.

"குற்றஞ் செய்யாத எங்கள் பிள்ளைகளுக்கே தொழிற்பயிற்சி கிட்டவில்லை, குற்றவாளிக்கு எதற்கு?" என்று தோட்டத்துத் தாய் ஒருத்தி கேட்டால், அக்கேள்வியிலே நியாயம் உண்டு. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தொழில் கற்க ஏங்கும் பிள்ளைகள் பலர். அவர்களுக்குரியதைப் பறித்துக் கைதிக்குக் கொடுக்குமாறு நாம் கூறவில்லை. இருவர்க்கும் வேண்டும் என்கிறோம். தொழிலறியாது வெளிவருபவன் மீண்டும் அந்தத் தாயின் லயத்துக்கே வருகிறான். பழைய வழியில் அவன் சென்றால் முதலில் இழப்பது அவளே. வேலைக்கும் பஞ்சமில்லை. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். வீடு எழும் இடமெல்லாம் மேசனும் தச்சனும் மின்வேலை அறிந்தவனும் வேண்டப்படுகின்றனர்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இலக்கிய மன்றத்தார்க்கும் இதிலே பங்குண்டு. சிறை நூலகங்களுக்குத் தமிழ் நூல்களை, சிறப்பாகத் தொழில் நூல்களை, அனுப்பலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் திணைக்களத்தின் அனுமதியோடு வாரம் ஒரு நாள் எழுத்தும் கணக்கும் கற்பிக்கலாம். திரும்பி வந்தவனை 'மறியற்காரன்' என்று அழைக்காது அவன் பெயர் சொல்லி அழைக்கலாம். இதற்குப் பணமும் வேண்டா, அனுமதியும் வேண்டா.

தேயிலைச் செடியைச் சில ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவர். இலையெல்லாம் இழந்து குச்சியாய் நிற்கும் செடியைப் பட்டதென்று எவரும் பிடுங்கி எறிவதில்லை, உரமிட்டுக் காத்திருக்கிறார்கள், கொழுந்து வருகிறது. செடிக்குக் காட்டும் இப்பொறுமையை மனிதனுக்கும் காட்டுமாறு அரசையும், தோட்ட நிருவாகங்களையும், நம் மக்களையும் வேண்டுகிறோம்.