படம் எடுக்காத போலராய்டு

பழைய போலராய்டு கேமரா சேர்ப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. வாங்கி, துடைத்து, கண்ணாடி அலமாரியில் அடுக்கி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுபவர்கள் முதல் ரகம். பிரித்து, ரிப்பேர் செய்து, பிலிம் போட்டு, நாலு படம் வீணானாலும் பரவாயில்லை என்று எடுத்துத் தள்ளுபவர்கள் இரண்டாவது ரகம். 'கலெக்டர்' என்கிற மரியாதையெல்லாம் முதல் ரகத்துக்குத்தான் கிடைக்கிறது. ஆனால் இந்தப் பொழுதுபோக்கு இன்னும் மூச்சு விடுவது இரண்டாவது ரகத்தால்தான்.

காரணம் ரொம்ப சிம்பிள். சாதாரண 35 எம்.எம். கேமராவுக்கு எந்தக் கம்பெனி ரோல் கிடைத்தாலும் போடலாம். போலராய்டு அப்படி இல்லை. அதன் ஸ்டூடியோ, லேப் எல்லாமே பிலிமுக்குள்தான். ஒவ்வொரு படத்தின் அடியிலும் இருக்கிற அந்தத் தடித்த வெள்ளை ஓரத்துக்குள் ரசாயனப் பசை அடைத்த சின்னப் பை ஒன்று ஒளிந்திருக்கிறது. படம் வெளியே வரும்போது இரண்டு உருளைகள் அந்தப் பையை நசுக்கி, பசையை முழுக்கப் பரப்பிவிடும். 1972ல் எட்வின் லேண்ட் கொண்டுவந்த எஸ்எக்ஸ்-70ல், அந்த அழகான மடக்குக் கேமராவில், பேட்டரி கூடக் கிடையாது. அதுவும் பிலிம் பெட்டிக்குள்தான் வரும். ஆக, பிலிம் நின்றால் கேமரா பேப்பர் வெயிட்!

நம்பாதவர்கள் கோடாக்கைக் கேட்டுப் பார்க்கலாம். 1976ல் அவர்களும் இந்த வியாபாரத்தில் குதித்தார்கள். போலராய்டு காப்புரிமை வழக்குப் போட்டது. 1986 ஜனவரியில் கோடாக் கடையைக் கட்ட வேண்டியதாயிற்று. நஷ்டஈடாக 90 கோடி டாலருக்கு மேல் அழுதது தனிக்கதை. அவர்கள் விற்ற லட்சக்கணக்கான கேமராக்களுக்கு இன்று ஒரே ஒரு பிலிம் கூடக் கிடையாது. இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லாவிட்டாலும் அவை செத்தவைதான்.

போலராய்டுக்கும் அதே கதி வந்திருக்கும். 2001ல் திவால். 2008 பிப்ரவரியில் பிலிம் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். வியன்னாக்காரர் ஃபுளோரியன் காப்ஸ், மூடப்பட இருந்த ஆலையில் வேலை பார்த்த ஆந்த்ரே போஸ்மான் போன்ற சிலர் சேர்ந்து, நெதர்லாந்தின் என்ஷெடே நகரில் இருந்த கடைசி ஆலையின் இயந்திரங்களை வாங்கினார்கள். 'இம்பாசிபிள் ப்ராஜெக்ட்' என்று பெயர் வைத்தார்கள் (பொருத்தமான பெயர்தான்). இயந்திரம் இருந்தது, ஆனால் பழைய ரசாயனங்கள் பல கிடைக்கவில்லை. பிலிமையே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை. 2010ல் முதல் பிலிம் வந்தது. கலர் இல்லை, ஒரே பழுப்பு. கேமராவிலிருந்து வெளியே வரும்போதே கையால் மூடி வெளிச்சம் படாமல் காக்க வேண்டும், இல்லையென்றால் படம் போச்சு. விலையும் அதிகம்.

அப்படிப்பட்ட சரக்கை யார் வாங்குவார்கள்? வாங்கினார்கள். பாதி படம் கெட்டாலும் மறுபடி வாங்கினார்கள். வணிகவியல் பாஷையில் சொன்னால், பங்குப் பத்திரம் வாங்காத பங்குதாரர்கள். அந்தக் காசில்தான் பிலிம் மெல்ல மெல்லத் தேறியது, அந்தக் கம்பெனியே 2017ல் 'போலராய்டு ஒரிஜினல்ஸ்' ஆகி, 2020ல் வெறும் 'போலராய்டு' என்ற பழைய பெயருக்கே திரும்பியது. இதில் அலமாரிக்காரர்களின் பங்கு எவ்வளவு? பூஜ்யம்.

ரிப்பேர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஐம்பது வருஷப் பழசான எஸ்எக்ஸ்-70 ஒன்று கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது உருளைகள். பழைய பசை காய்ந்து ஒட்டியிருந்தால் படத்தில் வரிசையாகப் புள்ளி விழும். அடுத்து மடிப்பு ரப்பர். இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் ஊசி ஓட்டைகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். மேலே போர்த்திய தோல் உரிந்திருக்கும். சில மாடல்களில் தோல் மாதிரி ஒட்டிய செயற்கைச் சமாச்சாரம் பிசுபிசுவென்று மட்கியே போயிருக்கும். அலமாரிக்காரர் புதுத் தோல் ஒட்டியதோடு வேலை முடிந்தது என்பார். உருளையை அவர் ஏன் துடைக்கப் போகிறார்?

இதில் ஒரு பெரிய சண்டையும் உண்டு. எஸ்எக்ஸ்-70 பிலிமை விட 600 ரக பிலிம் சுமார் நாலு மடங்கு வேகமானது. வெளிச்சம் குறைவான இடத்தில் அது வசதி. அதற்காகக் கேமராவின் மின்சுற்றையே மாற்றிவிடுகிறார்கள் சிலர். "ஐயோ, ஒரிஜினல் போச்சே" என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள் வேறு சிலர். இதில் மாற்றுபவர்கள் பக்கம்தான் நியாயம். கேமரா பிறந்தது படம் எடுக்க. சுற்றை மாற்றினால்தான் அது வாரா வாரம் வெளியே போகும் என்றால், தாராளமாக மாற்றட்டும்.

செலவு? ஒரு பெட்டியில் 8 படம்தான், ஒரு படம் இரண்டு டாலருக்கு மேல் ஆகிறது. மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது வாஸ்தவமான பேச்சு. ஆனால் பத்து கேமரா வாங்கி அடுக்குகிறவர் அதைச் சொன்னால் சிரிப்புதான் வருகிறது. ஒன்பதை விற்றால் எத்தனை பெட்டி வாங்கலாம்!

அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். 1963ல் தொடங்கிய போலராய்டின் இன்னொரு வரிசை, படத்தை இழுத்து உரித்து எடுக்கிற ரகம். அதற்குக் கடைசி வரை பிலிம் செய்தது ஃபியூஜி. 2016ல், விற்பனை குறைந்துவிட்டது என்று நிறுத்தினார்கள். ரசிகர்கள் மனு போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அலமாரிகளில் அந்தக் கேமராக்கள் இன்றும் பளபளவென்று இருக்கின்றன.