மேடைச் சோழரும் கல்லின் தமிழும்

ஓர் இனம் தன் பழமையைப் பற்றிப் பேசுவது வேறு. தன் பழமையை அறிவது வேறு. பேசுவதற்கு நா ஒன்று போதும். அறிவதற்கோ மலை ஏறும் காலும், மண்ணைத் தொடும் கையும், ஒரே எழுத்தை நூறு முறை உற்று நோக்கும் கண்ணும் வேண்டும். மலேசியத் தமிழரிடையே முதலாவது பெருகியிருக்கிறது, இரண்டாவது அருகியிருக்கிறது. இதனைக் கசப்பான கூற்று என்று ஒதுக்குவோர், ஜொகூர் மாநிலத்தில் பேச்சுப் போட்டி நடைபெறும் ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு காலைப் பொழுது அமர்ந்து பார்ப்பாராக.

அங்கே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கை உயர்த்தி முழங்குவாள்: "இராசேந்திர சோழன் புலிக்கொடி நாட்டி ஆண்ட மண் இந்த ஜொகூர் மண்!" மண்டபம் அதிரக் கைத்தட்டல் எழும். நடுவர் தாளில் முழு மதிப்பெண் விழும். "இதனை எங்கே படித்தாய், அம்மா?" என்று எவரும் கேட்பதில்லை. எழுதிக் கொடுத்தவர் ஆசிரியர். அவருக்குச் சொன்னவர் ஒரு மேடைப் பேச்சாளர். அப்பேச்சாளருக்குச் சொன்னவர் யார் என்பது அவருக்கே தெரியாது.

சான்று என்ன சொல்கிறது?

இராசேந்திரன் கி.பி. 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்தினான் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் மெய்க்கீர்த்தி சான்று. அதில் கடாரம் உண்டு. அதனைக் கெடா என்று அறிஞர் கொள்வர். ஸ்ரீவிசயம் உண்டு, இலங்காசோகம் உண்டு. அப்பட்டியலின் எந்தப் பெயரும் ஜொகூரைத்தான் குறிக்கிறது என்று ஐயமற நிறுவப்படவில்லை. ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கெலாங்கி என்னும் கருங்கற்கோட்டை இருந்தது என்றும், அதனைச் சோழப் பெயர் தாங்கிய அரசன் ஒருவன் வென்றான் என்றும் சொல்வது 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் இலக்கியம். அந்நூல் ஜொகூர் அரசவையில் 1612இல் தொகுக்கப்பெற்றது. படையெடுப்புக்கும் அதற்கும் இடையே 587 ஆண்டுகள். இலக்கியமாக அது பெருஞ்செல்வம். ஆயினும் ஆறு நூற்றாண்டு கழித்து எழுந்த கதையைக் கண்டவர் வாக்குமூலம்போல் ஏற்பது வரலாற்று நெறியன்று.

2005இல் ஜொகூர்க் காட்டில் கோத்தா கெலாங்கி கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தித்தாள்கள் எழுதியபோது தமிழ் மேடைகளும் துள்ளின. 2006இல், ஆய்வுக் குழு தேடியும் அத்தகைய நகரின் தடயம் கிட்டவில்லை என்று அரசின் மரபுடைமைத் துறை அறிவித்தது. துள்ளிய மேடைகளுள் எத்தனை அந்த இரண்டாம் செய்தியைச் சொல்லின?

ஒரு வாழ்வின் பாடம்

இந்நோய்க்கு மருந்து ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் ஐராவதம் மகாதேவன். திருச்சிராப்பள்ளிப் பகுதியில் 1930இல் பிறந்து, 2018 நவம்பர் 26ஆம் நாள் சென்னையில் மறைந்தவர். 1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து 1980இல் தாமே விருப்ப ஓய்வு பெற்றார். 1987 முதல் 1991 வரை 'தினமணி' நாளிதழின் ஆசிரியராக இருந்தார். கல்வெட்டாய்வு அவருக்கு ஊதியம் தந்த பணியன்று. அலுவல் நேரம் போக எஞ்சிய நேரத்தில் தொடங்கிய தொண்டு அது. "நேரமில்லை" என்று சொல்லும் ஒவ்வோர் ஆசிரியரும் இந்த ஒரு செய்தியை நெஞ்சில் இருத்துதல் வேண்டும்.

அவர் கையிலெடுத்த வேலை எளிதன்று. தமிழகத்துக் குகைகளில் சமண முனிவரின் கற்படுக்கைகளை ஒட்டி, மிகப் பழைய எழுத்தில் சிறு சிறு வரிகள் வெட்டப்பட்டுள்ளன. மதுரை மாவட்டத்து மாங்குளம் கல்வெட்டு 1882இலேயே கண்டறியப்பட்டது. எழுத்தைப் படிக்க முடிந்தும் மொழி விளங்கவில்லை. பாலியா, பாகதமா என்று அறிஞர் தடுமாறினர். இவை தமிழே என்று 1924இல் வழிகாட்டியவர் கே.வி. சுப்பிரமணிய அய்யர். அவர் திறந்த வாயிலின் வழியே நுழைந்து, அவ்வெழுத்து முறையின் இலக்கணத்தை முழுமையாக வகுத்தவர் மகாதேவன். வடபுலத்துப் பிராமியில் இல்லாத ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்குத் தமிழர் தனிவடிவம் அமைத்ததையும், மெய்யையும் உயிர்மெய்யையும் குறிக்கும் முறை காலந்தோறும் மாறியதையும் அவர் படிப்படியாக நிறுவினார். கரூர் அருகே புகழூர்க் கல்வெட்டில் சேரல் இரும்பொறை மரபினர் மூன்று தலைமுறையாக நிற்பதை 1965இல் வாசித்துக் காட்டினார். சங்கப் பாட்டில் மட்டுமே வாழ்ந்த மன்னர் அன்று கல்லிலும் வாழ்வது உறுதியாயிற்று. சங்க இலக்கியத்தின் பழமையை ஐயுற்றோர்க்கு எந்த மேடை முழக்கமும் தராத விடையை அம்மலைப் பாறை தந்தது.

1966இல் அக்கல்வெட்டுகளை எல்லாம் தொகுத்தளித்தார். பிறர் எனின் அத்தோடு நிறைவுற்றிருப்பர். அவரோ முதுமை நெருங்கிய காலத்தில் மீண்டும் மலை ஏறினார்; குகைதோறும் சென்று புதிதாகப் படி எடுத்தார்; தம் பழைய வாசிப்புகளுள் பிழையானவற்றைத் தாமே திருத்தினார். அதன் பின்னரே 2003இல், தொடக்கம் முதல் கி.பி. ஆறாம் நூற்றாண்டு வரையிலான தமிழ்க் கல்வெட்டியலைப் பற்றிய பெருநூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒரு நூலுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு! நாற்பது நிமிடத்தில் ஐயாயிரம் ஆண்டு வரலாற்றைச் சொல்லி முடிக்கும் சொற்பொழிவாளர் இதனைச் சிந்திப்பாராக.

"படித்துவிட்டேன்" என்போர்

சிந்துவெளி எழுத்தைப் பற்றிய கூச்சலுக்கும் அவரிடம் விடையுண்டு. 1970இல் ஜவகர்லால் நேரு ஆய்வுக்கொடை பெற்று, கணிப்பொறியின் துணையோடு உழைத்து, 1977இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் பொறிப்புள்ள 2906 பொருள்கள் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளன. 417 குறிகள் பட்டியலிடப்பட்டுள்ளன. எக்குறி எங்கே, எதன் பின், எத்தனை முறை வருகிறது என்பதை உலகம் அதில் காணலாம். அம்மொழி திராவிடம் சார்ந்தது என்பது அவர் துணிபு. சில குறிகளுக்குப் பொருள் கூறவும் முயன்றார். ஆயினும் "சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டேன்" என்று அவர் ஒருநாளும் முரசறைந்ததில்லை. அரை நூற்றாண்டு உழைத்தவர் அடங்கிப் பேசினார். அரை நாள் புரட்டியவர் ஆர்ப்பரிக்கின்றனர்.

2006இல் தாய்லாந்தின் தென்பகுதியில் பூ காவ் தோங் என்னுமிடத்தில் கிடைத்த பானை ஓடு ஒன்று அவர் பார்வைக்கு வந்தது. தமிழ் பிராமியில் மூன்றே எழுத்துகள் எஞ்சியிருந்தன. தமிழுக்கே உரிய வல்லின றகரம் அதில் இருப்பதால் மொழி தமிழ் என்று உறுதியாகச் சொன்னார். 'துறவோன்' என்னும் சொல்லின் பகுதியாக இருக்கலாம் என்றார். மொழியைப் பற்றி 'ஆகும்' என்றவர், சொல்லைப் பற்றி 'இருக்கலாம்' என்று நிறுத்திக்கொண்டார். 'ஆகும்' என்பதற்கும் 'இருக்கலாம்' என்பதற்கும் இடையே உள்ள அந்த வேறுபாட்டில்தான் அறிஞனின் நாணயம் அடங்கியிருக்கிறது.

அவர் சொன்னதெல்லாம் முடிந்த முடிபு என்பதும் தவறு. தமிழ் எழுத்து அசோகர் காலப் பிராமியிலிருந்து சமணர் வழியே வந்தது என்ற அவர் கொள்கையைப் பலர் மறுக்கின்றனர். பொருந்தல் அகழாய்வில் எழுத்துப் பொறித்த மட்கலத்தோடு கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 என 2011இல் அறிவிக்கப்பட்டது. கீழடியில் ஒரு மண்ணடுக்கின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்வதாகத் தமிழக அரசின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. இவை அவர் குறித்த காலத்தை அசைக்கக் கூடும். ஆனால் அவரை மறுத்தவை மண்வெட்டியும் ஆய்வகமும் என்பதைக் கருதுக. அவரைத் 'தமிழ்ப் பகைவர்' என்று வைத நாவுகள் ஒரு சாண் மண்ணையும் அகழ்ந்ததில்லை.

எதிர்வாதமும் விடையும்

"நலிந்த சமூகம் இது, தோட்டத்தில் பிறந்து நகரத்தில் சிதறிய பிள்ளைகளுக்குச் சற்று மிகையான பெருமிதம் ஊட்டினால் என்ன குறை?" என்று நல்லெண்ணம் உடையோரும் கேட்பர். கேள்வி அன்பிலிருந்து எழுவது. ஆதலின் மதித்து விடை கூறவேண்டும்.

அப்பிள்ளை தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும். அங்கே பிற இனத்து மாணவர் நடுவே வரலாற்று ஆசிரியர், "சான்று எங்கே?" என்று கேட்பார். பிள்ளை விழிக்கும். அன்று உடைவது அந்த ஒரு பொய் மட்டுமன்று. அதனோடு சேர்த்துச் சொல்லப்பட்ட மெய்களும் உடையும். சங்க இலக்கியமும் பொய்யோ, கல்வெட்டும் பொய்யோ என்று அப்பிள்ளை மயங்கும். பொய்ப் பெருமிதம் என்பது பசித்த குழந்தைக்கு மண்ணைப் பிசைந்து ஊட்டுவதாகும்.

மெய்யோ, பசியாற்றப் போதுமானதாகவே இருக்கிறது. தாக்குவா பாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமத்து வணிகரைப் பேசுகிறது. சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைப் பேசுகிறது. தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் கிடைத்த பொன் உரைக்கும் சிறு கல்லில், அது 'பெரும்பதன்' என்பானின் கல் என்று தமிழில் பொறிக்கப்பட்டிருக்கிறது, காலம் கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு. அவன் மன்னனல்லன், உழைத்து உண்ட பொற்கொல்லன். தமிழகத்துப் பானை ஓடுகளிலும் எளிய மக்களின் பெயர்களே மிகுதி. பண்டைத் தமிழகத்தில் எழுத்தறிவு பொதுமக்களிடமும் பரவியிருந்தது என்று மகாதேவன் கூறியதற்கு அவையே அடிப்படை. பால்மரம் சீவியவரின் பேரப்பிள்ளைக்குச் சொல்லத்தக்க வரலாறு எது? இல்லாத கோட்டையை வென்ற மன்னனின் கதையா? இரும்புப் பெட்டியில் தன் உரைகல்லை வைத்தாற்போல் அதில் தன் பெயரையும் காத்து வைத்த தொழிலாளியின் வரலாறா?

கண்முன் அழியும் ஆவணம்

இவ்வளவும் ஒருபுறம் இருக்க, அதனினும் பெரிய குற்றம் ஒன்று நிகழ்ந்து வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கற்பனைக் கோட்டைக்காக முழங்குவோர், நூறாண்டு உண்மையைக் கண்முன்னே அழிய விடுகின்றனர். 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன; இன்று எஞ்சியவை ஏறத்தாழ 530. மூடிய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் எங்கே? தலைமையாசிரியரின் நாட்குறிப்பேடுகள் எங்கே? ஜொகூரில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. அத்தோட்டங்களின் இடுகாட்டில் நின்ற தமிழ்க் கல்லறைக் கற்களும், கோயில் மணியில் பொறித்த கொடையாளர் பெயர்களும், கங்காணி கையெழுத்திட்ட கணக்கேடுகளும் என்னவாயின? பள்ளியொன்று புதுக் கட்டடத்திற்குக் குடிபெயரும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய பதிவேடு. அதைக் கண்டு பதறிய தமிழ்ப்பற்றாளர் எத்தனை பேர்? நாளை ஒரு மகாதேவன் இம்மண்ணில் பிறந்தாலும் அவன் படிப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?

திராவிட மொழிகளைப் பற்றி இந்திய மொழியாய்வுத் தொகுதி 1906இல் வந்தபோது அதனை ஆக்கியவர் ஸ்டென் கோனோ என்னும் நார்வே நாட்டறிஞர். தென்னிந்தியக் கல்வெட்டுகளை முதற்கண் தொகுத்து வெளியிட்ட ஹுல்ச் செருமானியர். அவர்கள் தொண்டு போற்றத்தக்கது. ஆனால் தோட்டத்துக் கல்லறைகளைப் படி எடுக்கவும் எங்கிருந்தேனும் ஒருவர் கப்பலேறி வரவேண்டுமா?

2006இல் மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில், தம் வீட்டுக் கொல்லையில் குழி தோண்டியபோது கற்கோடரியொன்றைக் கண்டெடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அதனை அவர் தொல்லியல் துறையினரிடம் சேர்த்தார். அதன்மேல் உள்ளவை சிந்துவெளிக் குறிகள் என்று மகாதேவன் கருதினார். கருத்து வேறுபாடு உண்டு. வேறுபாடு இருக்கட்டும். அந்த ஆசிரியர் கல்லைத் தூக்கி எறியாமல் இருந்தாரே, அதுவன்றோ பாடம்!

ஜொகூர்த் தமிழாசிரியர் செய்யவேண்டியவை சிலவே. பேச்சுப் போட்டியில் வரலாற்றுச் செய்தி கூறும் மாணவர் அதற்குச் சான்றும் கூறவேண்டும் என்று விதி வகுக்கட்டும். ஆறாம் ஆண்டு மாணவர்க்குத் தமிழ் பிராமி எழுத்துகளை ஓரிரு நாளில் கற்பிக்கலாம், கற்பிக்கட்டும். பள்ளிப் பேழையில் உள்ள பழைய ஏடுகளைத் தூசு தட்டிப் படமெடுத்துக் காக்கட்டும். விடுமுறை நாளில் மாணவரை அழைத்துச் சென்று அருகிலுள்ள இடுகாட்டுக் கற்களின் பெயரையும் ஆண்டையும் ஊரையும் எழுதி வரச்செய்யட்டும். பாட்டனின் பெயரைக் கல்லில் விரலால் தடவிப் படித்த பிள்ளைக்குப் புலிக்கொடி இரவல் தேவைப்படாது.